பாடத் திட்டம் எழுத ஏஐ உதவி: எப்படிக் கேட்பது, எதைச் சரிபார்ப்பது?

நாளைக்கு என்ன பாடம், எப்படி நடத்துறது? ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, கல்வித் தன்னார்வலர்கள், வீட்டில் டியூஷன் எடுப்பவர்கள், பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோர் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழிலேயே கேட்டு ஒரு வரைவைப் பெறலாம். டைப் செய்யச் சிரமமா? கீபோர்டில் உள்ள மைக்கை அழுத்திப் பேசினாலே போதும். பின்னங்களை ஒப்பிடும் பாடத்தை வைத்துப் பார்ப்போம்.

1. முதலில் பாடநூல்

பாடநூலின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றுங்கள். "இந்தப் பக்கத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்து" என்று சொல்லுங்கள். நம் பாடநூலில் பின்னத்தின் மேல் எண் 'தொகுதி', கீழ் எண் 'பகுதி'. செயலி வேறு சொல் போட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

2. விவரமாகக் கேளுங்கள்

"பின்னம் பாடத்துக்குத் திட்டம் கொடு" என்று மட்டும் கேட்டால் பீட்சாவை வெட்டும் உதாரணம்தான் வந்து நிற்கும். இப்படிக் கேட்டுப் பாருங்க:

"5-ம் வகுப்பு, 30 மாணவர்கள், 40 நிமிடம். கரும்பலகை, சாக்பீஸ், பழைய செய்தித்தாள் மட்டும் இருக்கு. 8 பெரிய எண் என்பதால் 1/4-ஐ விட 1/8 பெரியதுன்னு பிள்ளைகள் நினைக்கிறாங்க. அந்தக் குழப்பம் தீர ஒரு செயல்பாடும், கடைசி 5 நிமிடத்துக்கு 3 கேள்விகளும் விடையோடு கொடு."

பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொன்னால்தான் திட்டம் உங்கள் வகுப்புக்குப் பொருந்தும்.

3. கையால் செய்து பாருங்கள்

செய்தித்தாளை மடிக்கும் செயல்பாடு வந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்களே ஒரு தடவை மடியுங்கள். ஒவ்வொரு முறையும் பாதியாக மடித்தால், 2 முறையில் 4 பாகம், 3 முறையில் 8 பாகம். "4 பாகம் கிடைக்க 4 முறை மடிக்கவும்" என்று திட்டத்தில் இருந்தால் அது தவறு. 16 பாகம் ஆகிவிடும். இரண்டு தாளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால் பெரிய தாளின் 1/8, சிறிய தாளின் 1/4-ஐ விடப் பெரிதாகத் தெரியலாம்.

விடைகளையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 2/5, 2/7 இரண்டில் பெரியது 2/5. செயலி தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்லும். இல்லாத புத்தகப் பெயர், திறக்காத இணைப்பு தருவதும் உண்டு. வீடியோ தேவையென்றால் மணற்கேணி செயலியிலோ, பாடநூலில் உள்ள க்யூஆர் கோடிலோ தேடுங்கள்.

4. பிள்ளைகளின் விவரம் வேண்டாம்

மாணவர் பெயர், எமிஸ் எண், போட்டோ, மதிப்பெண் பட்டியல், உடல்நலக் குறிப்பு எதையும் செயலியில் போடாதீர்கள். "ஒரு மாணவருக்கு வாசிக்கச் சிரமம், அவருக்கு ஏற்ற எளிய கேள்வி கொடு" என்று பொதுவாகக் கேட்டாலே போதும்.

5. வகுப்பு முடிந்ததும்

எது எடுபட்டது, எங்கே நேரம் போதவில்லை என்று இரண்டு வரி குறித்து வையுங்கள். அடுத்த பாடத்துக்குக் கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதும் வேலை குறைந்து மிச்சமாகும் நேரத்தை, பின்தங்கிய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரச் செலவிடுங்கள்.