அறுந்த வேர் மறுபடி வளர்வது எப்படி?



2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது பெரம்பூர் உட்பட சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பெரம்பூரில் என் அக்கா வீட்டு வேப்பங்கன்றும் சாய்ந்தது. பாதி வேர் மண்ணுக்குள், பாதி அறுந்து வெளியே. "இது அவ்வளவுதான், வெட்டிப் போட்டுடு" என்றார்கள். அக்கா கேட்கவில்லை. நைந்த வேர் நுனிகளைக் கத்தியால் நறுக்கி, கிளைகளைக் குறைத்து, நிமிர்த்தி முட்டுக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பிழைச்சுக்கிச்சு! எப்படி?

நம் உடம்பும் செடியும் செல்களால் ஆனவை. பாடப் புத்தகத்தில் உயிரணு என்பார்கள். நமக்கு வெட்டுப்பட்டால் பக்கத்துத் தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடும். செடியின் செல்லோ நாலு பக்கமும் சுவர் வைத்த அறை மாதிரி. இருந்த இடத்தை விட்டு அசைய முடியாது. அப்போ செத்த செல்லின் இடத்தை யார் நிரப்புவது?

ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானிகள் 2019-ல் இதற்கு விடை சொன்னார்கள். கடுகு இனத்துச் சிறு செடியின் வேரில் லேசர் ஒளியால் சில செல்களை மட்டும் சாகடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். செத்த செல்லுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த செல் இரண்டாகப் பிரிந்தது. வெளிப்பக்கம் வந்த புதுச் செல், செத்துப்போனதன் இடத்தை அடைத்து அதன் வேலையையே செய்ய ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுப்பைப் பற்ற வைப்பது போலத்தான்!

எல்லாக் காயத்துக்கும் இது போதாது. வேர் நுனியில் துளியூண்டு போனால் அதே நுனி திரும்ப வரும். கொஞ்சம் மேலே அறுந்தால் வராது, மிச்ச வேரிலிருந்து பக்க வேர்கள்தான் கிளம்பும். நாற்று பறித்து நட்ட வயல் சில நாள் வெளிறி நின்று பிறகு பச்சை பிடிக்குதே, அந்த நாட்களில் பயிர் புது வேர் விட்டுக்கொண்டிருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை மண்ணோடு எடுத்து உடனே நடச் சொல்வதும் வேர்க்காயம் குறையத்தான்.

இது தெரியாமல் எங்கள் குழு நாற்றங்காலில் ஒரு தடவை நஷ்டப்பட்டோம். பைகளை இடம் மாற்றவேயில்லை. வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிடுச்சு. வண்டி வந்த அன்று பிடுங்கி ஏற்றினோம். கன்றுகள் வழியிலேயே வாடிவிட்டன. வாங்கியவர் பாதியைத் திருப்பி அனுப்பினார். அந்த மாதத் தவணையை ஆளுக்குக் கொஞ்சம் கைக்காசு போட்டுக் கட்டினோம்.

இப்போது பைகளை அடிக்கடி இடம் மாற்றுகிறோம். வெளியே நீட்டும் வேரை அப்போதே நறுக்கி, நிழலில் வைத்துத் தண்ணி விடறோம். கடைசி நறுக்கல், வண்டி வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாடி. அதற்குள் பைக்குள்ளேயே புது வேர் வந்துடுது.