கண்ணில் படாதவரும் ஒளிந்திருப்பவரும்

அன்புள்ள தங்கைக்கு,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தை முதன்முறையாக நடத்தப்போகிறாய். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டராக உட்காரும் எவரையும் திணறவைப்பவை மறைந்து செல்வது பற்றிய விதிகள். "இன்விசிபிலிட்டி மந்திரம் போட்டிருக்கிறேன், என்னை யாரும் தாக்க முடியாது" என்பார் ஒருவர். "காலடிச் சத்தம் கேட்குமே" என்பார் இன்னொருவர். வாதம் முற்றி ஆட்டம் நின்றுவிடும். அப்போது நீ பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கண்ணில் படாமல் இருப்பது வேறு, இருக்கும் இடமே தெரியாமல் இருப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளே இப்படித்தான் பிரிக்கின்றன. மாயமாய் மறைந்தவரை மந்திரமோ சிறப்புப் புலனோ இல்லாமல் பார்க்க முடியாது. ஆனால் அவர் எழுப்பும் ஒலியும் பதிக்கும் தடமும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இடமும் தெரியக்கூடாதென்றால் ஹைட் (ஒளிதல்) செய்து, ஸ்டெல்த் என்ற பதுங்கும் திறனுக்குப் பகடை உருட்டி, எதிரியின் பெர்செப்ஷன் என்ற கவனிக்கும் திறனை வெல்ல வேண்டும். சண்டை நடக்கும் சேற்று வழியில் ஒரு காவலன் நிற்கிறான் என்று வைத்துக்கொள். மறைந்த மந்திரவாதி ஹைட் செய்யாமல் அவனைக் கடந்தால், சேற்றில் பதியும் காலடியைப் பார்த்து ஆட்ட வரைபடத்தின் அந்தக் கட்டத்தில் அவன் வாள் வீசலாம். ஆளைக் காணாததால் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மந்திரவாதி ஹைட் செய்து வென்றிருந்தாலோ, எந்தக் கட்டம் என்பதையே அவன் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் வீச்சு வீண். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை இன்னும் நுட்பமாக நான்காக வகுக்கிறது: கண்ணுக்குத் தெரிபவர், இடம் மட்டும் தெரிபவர், இடமும் தெரியாதவர், அங்கே இருப்பதே தெரியாதவர்.

"அப்படியானால் மந்திரத்தைச் செலவழித்து என்ன பயன்?" என்று கேட்பார்கள். பயன் நிறையவே இருக்கிறது. ஒளிவதற்குத் தூணோ இருட்டோ தேட வேண்டியதில்லை, தாக்குபவர்கள் தடுமாறுவார்கள், இலக்கைப் பார்த்தால்தான் பலிக்கும் மந்திரங்கள் மறைந்தவரிடம் பலிக்காது. ஓசையையும் தடத்தையும்கூட மந்திரமே அழித்துவிடும் என்றால், ஸ்டெல்த்தில் தேர்ந்த ரோக் வகைப் பாத்திரத்துக்கு அந்தக் குழுவில் வேலையே இருக்காது.

இதைவிட வலுவான மறுப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பதிப்பிலிருந்து வரும். அதில் எதிரியின் பார்வைக்கு அப்பால், தக்க மறைவிலோ அடர்ந்த இருளிலோ இருந்துகொண்டு ஸ்டெல்த்தில் 15 எடுத்தாலே இன்விசிபிள் நிலை கிடைக்கிறது. 'அப்படியென்றால் அதன்பின் வெளிச்சமான கூடத்தின் நடுவே நடந்து போகலாமா?' எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போகலாம் என்றும் வாதிடலாம். ஆனால் எதிரி கண்டுபிடித்ததும் அந்நிலை முடியும் என்று அதே விதி சொல்கிறது. எதிரே நடந்து வருபவரை நேராகப் பார்க்கும் காவலன் அவரைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதே என் வாசிப்பு. காவலன் வேறு பக்கம் திரும்பியிருந்தால் தீர்ப்பும் வேறு. அந்தக் காவலனுக்கு எந்தப் புலன் வழியாக என்ன தெரியும் என்ற கேள்விக்கு விடை காணத்தான் விதிகள் இருக்கின்றன.

இதெல்லாம் நடத்துபவரின் விருப்பத்துக்கு விடுவதாகாதா என்ற அச்சம் நியாயமானது. ஒளிவதற்கு ஏற்ற சூழல் எது என்று முடிவு செய்வதை விதிப்புத்தகமே டன்ஜன் மாஸ்டரிடம்தான் விடுகிறது. அதனால் பொறுப்பு கூடுகிறதே தவிர, மனம்போனபடி தீர்ப்புச் சொல்லும் உரிமை வந்துவிடுவதில்லை. உன் தீர்ப்பைப் பகடை உருளும் முன்பே சொல்லிவிடு. உருண்ட பிறகு மாற்றாதே. ஆட்டக்காரரின் ரோகுக்குச் சொன்னதையே எதிரியாக நீ இயக்கும் கோப்ளினுக்கும் சொல். இவற்றைக் கடைப்பிடித்தால், தோற்பவர்கூட உன் தீர்ப்பை நியாயமென்று ஏற்பார்.

அன்புடன்,
உன் அண்ணன்