மழை வருமா என்று கேட்பவர் யார்?

அன்புத் தம்பிக்கு,

குயிலாப்பாளையத்தில் உட்கார்ந்து, கைப்பேசியிடம் வாயால் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலையை எடுத்திருக்கிறாய். எழுதித் தேடினால் பத்து இணைப்புகள் வரும். ஒத்துவராததைத் தேடுபவரே தள்ளிவிடுவார். பேச்சில் வருவது பெரும்பாலும் ஒரே பதில். மே மாதத்தில் ஒருவர் “நாளைக்கு மழை வருமா?” என்கிறார். மரக்காணம் உப்பளக்காரருக்கு அது, பாத்தியில் விளைந்த உப்பை இன்றே வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடுவதா என்ற கேள்வி. மானாவாரி நிலத்தைக் கோடை உழவு ஓட்டக் காத்திருப்பவருக்கோ அதே மழை நல்ல சேதி. ‘மிதமான மழைக்கு வாய்ப்பு’ என்ற வரி இருவருக்கும் அரைப் பதில்தான்.

இருக்கும் இடத்தைக் கருவியே காட்டிவிடுமே என்பாய். இடம் தெரியும், தொழில் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். “கடலுக்குப் போகலாமா?” என்றால் ‘கூடாது’ என்பது விசைப்படகுக்குச் சரி, கட்டுமரக்காரருக்குத் தவறு, ஒருநாள் பிழைப்பே போய்விடும். கேட்பவரை அறிந்து சொன்னதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு: எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்தின் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். அந்த எண்கள் இணையத்தில் எவருக்கும் திறந்தே கிடந்தவை. கரையில் நிற்பவருக்கு எது வேண்டும், எப்படிச் சொன்னால் காதில் விழும் என்று தெரிந்தவர்கள் கையில் வந்தபிறகுதான் அவை பயன்பட்டன. அது மீனவர் ஊர், ஒலிபெருக்கிக்குத் தன் ஆட்களைத் தெரியும், கைப்பேசிக்கு அப்படியா என்று நீ மறுக்கலாம். நியாயம்தான். அதனால்தான் இது யாருக்கான பதில் என்பதைப் பதிலே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கேட்பவரின் சாதகத்தையே விசாரிக்க வேண்டாமா? வேண்டாம். பெயர், வயது, போன வாரம் தேடியது எதுவும் தேவையில்லை. அதையெல்லாம் துருவுவது அநாகரிகமும்கூட. முடிவை மாற்றும் ஒன்றை மட்டும் கேள்: “விசைப்படகா, கட்டுமரமா?” திருப்பிக் கேட்க வழியில்லையென்றால் இரண்டையும் இரண்டு சின்ன வாக்கியத்தில் சொல்லிவிடு. ஐந்து வகை சொன்னால் காதால் கேட்பவருக்கு முதலாவது மறந்துபோகும். தடைக்காலப் பதிலை ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் எடுத்து, அந்த ஆண்டின் அரசு அறிவிப்போடு ஒத்துப் பார்த்துவிட்டு வெளியே விடு.

அன்புடன்,
உன் அண்ணன்