முதல் அழைப்பு

நுழையும் முன்

ஓர் அணியில் சேர விரும்பிச் சென்று, இடம் கிடைக்காமல் திரும்பியதுண்டா? அதன் மறுநாள் என்ன செய்தீர்கள்? அந்நாளை நினைவிற்கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

பாடம்

மாணவர்களே! திருவனந்தபுரத்தில் வெள்ளையம்பலம் வழியாகச் செல்லும்போது ஜிம்மி ஜார்ஜ் உள்விளையாட்டரங்கை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஜிம்மி ஜார்ஜ் கண்ணூர் மாவட்டத்தில் பிறந்த கைப்பந்து வீரர். இத்தாலி நாட்டுக்குச் சென்று, அங்குள்ள கழகங்களுக்காக ஊதியம் பெற்று ஆடியவர். 1987ஆம் ஆண்டு அந்நாட்டிலேயே சாலை விபத்தில் மறைந்தார். விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு கடல்கடந்த கேரளத்தவருள் அவர் முன்னோடி. அவருக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அவ்வாறே கடல்கடந்தார் ஒரு பெண். கூடைப்பந்து வீராங்கனையான அவர் பெயர் கீது அன்னா ஜோஸ்.

கீது 1985ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தார். கோட்டயத்தை அடுத்த கொல்லாடு அவரது ஊர். அவரும் முதலில் கைப்பந்துதான் ஆடினார். பின்னரே கூடைப்பந்துக்கு மாறினார். அவரது உயரம் ஆறடி இரண்டு அங்குலம். அவ்வுயரம் இவ்விளையாட்டில் ஏன் பயன்படுகிறது என்பதை அறிய, இதன் தோற்றத்தை அறிதல் வேண்டும். 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை அமைத்தார். பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் பொருத்தினார். இன்று கூடைக்குப் பதிலாக இரும்பு வளையமும் வலையும் உள்ளன. உயரம் மட்டும் அதே பத்தடிதான்.

வளையத்தை நோக்கி எறியப்படும் பந்துகள் எல்லாம் உள்ளே விழுவதில்லை. பல, விளிம்பில் பட்டுத் தெறிக்கும். தெறித்த பந்தை முதலில் பற்றும் அணிக்கே அடுத்த வாய்ப்பு. ஆகவே, வளையத்தின் அருகே நின்று, சரியான நொடியில் மேலெழுந்து பந்தைப் பற்றவல்ல ஒருவர் ஒவ்வோர் அணிக்கும் தேவை. அவரை மைய ஆட்டக்காரர் என்பர். கீது ஆடியது அவ்விடத்தில்தான். கைப்பந்தில் வலைக்கு மேல் எழுந்து பந்தைத் தடுக்கப் பழகியவர்களுக்கு அந்த நொடியைக் கணிக்கும் திறன் எளிதில் கைகூடும்.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் உண்டு. அக்காலத்தில் கூடைப்பந்து ஆடும் பெண்கள் அதனையே தொழிலாகக் கொண்டு வாழ்வதற்கேற்ற போட்டித்தொடர் நம் நாட்டில் இல்லை. இரயில்வே, மின்வாரியம் போன்ற துறைகள் வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தம் அணிகளில் ஆடவைத்தன. கீது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு இரயில்வேயில் சேர்ந்தார். நம் திருவனந்தபுரம் கோட்டமும் அந்தத் தெற்கு இரயில்வேயைச் சேர்ந்ததே. நம் பெற்றோர் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தனர். கீது வேலைக்காக இங்கிருந்து சென்னைக்குச் சென்றார். இருப்புப்பாதை ஒன்றே; பயணத்தின் திசைதான் வேறு.

தெற்கு இரயில்வேயில் மற்றொரு புகழ்பெற்ற வீராங்கனையும் இருந்தார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, கீது பிறந்த அதே ஆண்டு, அதே மாதத்தில் பிறந்தவர். இந்திய அணியின் தலைவராகவும் இருந்தவர். 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். மலையாளம் பேசும் ஒருவரும் தமிழ் பேசும் ஒருவரும் இந்தியாவுக்காக ஒரே அணியில் ஆடினர்.

2006ஆம் ஆண்டு கீது ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். மெல்போர்ன் நகரின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ரிங்வுட் ஹாக்ஸ் என்னும் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 2008 வரை அக்கழகத்துக்காக அவர் தொழில்முறையாக ஆடினார். உயரமான ஆட்டக்காரர்கள் பலர் உள்ள நாடு அது. இந்தியாவில் தனிச்சிறப்பாக இருந்த உயரம், அங்கே எல்லாரிடமும் இருந்த ஒன்றாயிற்று. அத்தகைய களத்தில் வேகமும் உடல்வலிமையும்தாம் ஒருவரை நிலைநிறுத்தும்.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. உலகின் தலைசிறந்த பெண்கள் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் அங்கு நடைபெறுகிறது. அதன் பெயர் டபிள்யூ.என்.பி.ஏ. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகரங்களின் அணிகள் கீதுவின் ஆட்டத்தை நேரில் சோதித்துப் பார்க்க அழைத்தன. அத்தகைய அழைப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

அந்த வாயில் எவ்வளவு குறுகியது என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு தொடரில் இருந்த அணிகள் 12. ஓர் அணியில் 11 பேர். ஆக, உலகம் முழுவதற்கும் 132 இடங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிய சிறந்த பெண்களும் பிற நாடுகளின் வீராங்கனைகளும் அவ்விடங்களுக்காகவே போட்டியிட்டனர். கீது மூன்று நகரங்களுக்கும் சென்றார். மூன்று அணிகளின் முன்னும் ஆடிக் காட்டினார். இடம் கிடைக்கவில்லை.

கதை இத்துடன் முடிந்ததாகச் சிலர் கருதக்கூடும். கீது தாயகம் திரும்பி, மீண்டும் இந்தியாவுக்காக ஆடினார். 2013ஆம் ஆண்டு பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசியப் போட்டியில், அவர் இடம்பெற்றிருந்த இந்தியப் பெண்கள் அணி ஐந்தாம் இடத்தைப் பெற்றது. ஜப்பான், கொரியா, சீனா போன்ற வலிமைமிக்க அணிகள் ஆடும் போட்டி அது. 2014ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது வழங்கியது. அமெரிக்க அணிகளில் இடம் கிடைக்காத மூன்றே ஆண்டுகளில் இச்சிறப்பு அவரை வந்தடைந்தது.

முதலில் செல்பவருக்கு வழி சொல்ல எவரும் இரார். எவ்வாறு ஆயத்தமாவது, அங்கே எதனை எதிர்பார்ப்பார்கள் என்பவற்றைக் கேட்டறிய, முன்பே சென்றுவந்த இந்தியப் பெண் ஒருவரும் கீதுவுக்கு இல்லை. அவருக்குப் பின் செல்வோர்க்கு அக்குறை இல்லை. உங்கள் குடும்பத்திலும் இவ்வூருக்கு முதலில் வந்தவர் ஒருவர் இருப்பார். மொழி அறியாமல், வீடு கிடைக்காமல், முதல் வேலை நிலைக்காமல் அவரும் இடர்ப்பட்டிருக்கலாம். இன்று நீங்கள் இரு மொழிகளில் பேசிச் சிரித்துப் பள்ளிக்கு வருகிறீர்கள்.

சொற்பொருள்

கழகம் – விளையாட்டு மன்றம்
தொழில்முறை – ஊதியம் பெற்று ஆடும் முறை
இருப்புப்பாதை – இரயில் பாதை
கைகூடும் – வாய்க்கும்
இடர் – துன்பம்

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. கூடைப்பந்து வளையம் இன்றும் பத்தடி உயரத்தில் இருப்பது ஏன்?
2. மைய ஆட்டக்காரரின் பணி யாது?
3. "இருப்புப்பாதை ஒன்றே, பயணத்தின் திசைதான் வேறு" – இத்தொடரை உங்கள் குடும்பத்தோடு பொருத்தி விளக்குக.
4. கீது 2011இல் தோல்வியடைந்தார் எனக் கூறலாமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.

ஆ. செயப்பாட்டு வினையாக மாற்றுக.

எடுத்துக்காட்டு: அணிகள் கீதுவை அழைத்தன – கீது அணிகளால் அழைக்கப்பட்டார்.

1. நெய்ஸ்மித் கூடைகளைப் பொருத்தினார்.
2. அரசு விருதை வழங்கியது.

இ. இரு மொழி நோக்கு

'பந்து' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்குகிறது. மலையாளத்தில் 'களி' என்றால் விளையாட்டு. தமிழில் 'களி' என்றால் மகிழ்ச்சி. இவ்வாறு ஒலியில் ஒத்துப் பொருளில் வேறுபடும் சொற்கள் மூன்றனைக் கண்டு எழுதுக.

ஈ. செயல்பாடு

உங்கள் குடும்பத்தில் திருவனந்தபுரத்துக்கு முதலில் வந்தவர் யார்? எந்த ஆண்டு, எந்த வேலைக்காக வந்தார்? அவருக்குக் கிடைக்காமற்போனது ஒன்றையும், அதன்பின் அவர் செய்ததையும் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.