ஒரே பை, மூன்று வேலை

பைராம் தோட்டத்திலிருந்து நிபோங் தெபால் ரயில் நிலையம், அங்கிருந்து கொமுட்டரில் பட்டர்வொர்த், பிறகு ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன். இந்த ஒரு பயணத்திலேயே பையைக் கையிலும் தோளிலும் முதுகிலும் மாற்றி மாற்றிச் சுமக்கிறோம். மூன்றுக்கும் தோதாக ஒரே பையைத் தையல்காரரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளலாம்.

அளவு 50×32×18 செ.மீ. இருக்கட்டும், ஏறக்குறைய 29 லிட்டர் கொள்ளும். பக்கவாட்டைச் சுற்றி 5 செ.மீ. துணியை மடித்து ஜிப் வைத்தால், திறக்கும்போது ஆழம் 23 செ.மீ. ஆகும், 8 லிட்டர் இடம் கூடும். விமானத்தில் போவதானாலும் ஏர்ஏசியாவின் 56×36×23 செ.மீ. கைப்பை வரம்புக்குள் அப்போதும் அடங்கும். எடை வரம்பு 7 கிலோதான் என்பதால் கனமில்லாத நைலான் துணியே நல்லது. கேன்வாஸ் அழகுதான், நம் ஊர் மழையில் நனைந்தால் தூக்க முடியாது.

முதுகு வார்களைக் கொக்கியில் மாட்டிக் கழற்றும்படி வையுங்கள். பின்புறம் ஓர் உறை இருந்தால், வேண்டாதபோது உள்ளே செருகிவிடலாம். வார் பையோடு சேரும் இடம்தான் முதலில் பிய்யும். அங்கே உள்பக்கம் இன்னொரு துணித் துண்டு கொடுத்து, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் போடச் சொல்லுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

உள்தடுப்புகளை வெல்க்ரோவில் ஒட்டுங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும்போது தடுப்பை எடுத்துவிட்டால் வெறும் பால்குடமும் மாற்றுடையும் சேர்ந்தே அடங்கும்.