மூலிகைச் சாறும் ஆக்சிஜனேற்றமும்

வெண்ணெயை உருக்கி இறக்கும் தறுவாயில் ஒரு கொத்து முருங்கைக்கீரையோ இரண்டு வெற்றிலையோ இடுவது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். மணத்திற்காக என்பர். நெய் விரைவில் காறிப்போகாமல் இருப்பதற்கும் அவ்விலைகளே துணை. காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கும்பொழுது, இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட துணுக்குகள் தோன்றுகின்றன. அத்தகைய துணுக்கு தன் குறையை நிரப்ப அடுத்த மூலக்கூற்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது மற்றொன்றிடம் பறிக்கும். இவ்வாறு கேடு சங்கிலியாய் நீள்கிறது. இலையிலுள்ள பீனால் சேர்மங்கள் தம் ஹைட்ரஜனைத் தாமே ஈந்து அச்சங்கிலியை அறுக்கின்றன. ஈந்த பின்னரும் நிலைகுலைவதில்லை. இவையே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள்.

ஆய்வுக்கூடத்தில் இதனைக் கண்ணாலேயே காணலாம். டி.பி.பி.எச். என்னும் பொருளின் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது. அதில் நெல்லிக்காய் அல்லது கடுக்காய்ச் சாற்றைச் சில துளி சேர்க்க, ஊதா மங்கி மஞ்சளாகும். எவ்வளவு குறைந்த சாற்றில் பாதி நிறம் மறைகிறதோ, அவ்வளவு வலிமை அச்சாற்றுக்கு உண்டு என்பது கணக்கு. மாணவர்க்குக் காட்டுதற்கு இதனினும் நல்ல சோதனை அரிது. ஆயினும் இது கூறுவது குப்பிக்குள் நிகழ்ந்ததை மட்டுமே. இதனைச் சான்றாக்கி, முதுமையைத் தடுக்கும், புற்றுநோயை விரட்டும் என்று மாத்திரைப் பெட்டிகளில் அச்சிடுதல் முறையாகாது.

ஏனெனில் குப்பி வேறு, குடல் வேறு. மஞ்சளிலுள்ள குர்குமின் குப்பியில் வல்லது. உண்டாலோ மிகச் சிறு பங்கே மாறாமல் குருதியை அடைகிறது. குடலும் கல்லீரலும் எஞ்சியதை மாற்றிக் கழித்துவிடுகின்றன. 2 கிராம் குர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது குருதியை எட்டும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்ததைப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டனர்.

அதிகம் சேர்ந்தால் அதிக நன்மை என்று கொள்ளலாமா? பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்டோர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என எதிர்பார்த்தனர். 1994-இல் வெளிவந்த முடிவோ, அவர்களிடையே அந்நோய் 18 விழுக்காடு மிகுந்ததைக் காட்டிற்று. நம் வெள்ளணுக்களும் கிருமிகளை அழிக்க இத்தகைய தீவிரத் துணுக்குகளையே படைக்கலமாக உண்டாக்குகின்றன என்பதையும் நினைக்க வேண்டும்.

ரசத்தில் இடும் மிளகும் மஞ்சளும் இக்கணக்கில் சேரா. செறிவூட்டிய மாத்திரைகளே கவனத்திற்குரியவை. இத்தாலி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மஞ்சள் மாத்திரை உண்டோர் சிலர்க்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டமை பதிவாகியுள்ளது. பைப்பரின் பிற மருந்துகள் கழிவதையும் தாமதப்படுத்தும்; வலிப்புக்குரிய பெனிட்டாயின் அவற்றுள் ஒன்று. ஆகவே நாள்தோறும் மருந்துண்ணும் பெரியோர், இம்மாத்திரைகளைத் தொடங்குமுன் பெட்டியையே கொண்டுசென்று மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.