‘ஐ திங்க்’ என்று சொல்வதற்கு முன்

வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடுமா என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார். ‘ஐ திங்க் சோ’ என்கிறார் நம்மவர். ‘முடிந்துவிடும் போலத்தான் இருக்கிறது, பார்ப்போம்’ என்பது இவர் மனக்கணக்கு. கேட்டவரோ அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு தன் மேலதிகாரிக்குச் சொல்லிவிடுகிறார். திங்கட்கிழமை பஞ்சாயத்து கூடுகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை.

கருத்து, யூகம், திட்டம், யோசனை, நாசூக்கான மறுப்பு என எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘திங்க்’ வந்து நிற்கும். எந்த இடத்தில் அது எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தறியப் பழகுவது, அலுவலகத்தில் பிழைக்கத் தெரிவதில் ஒரு பகுதி.

எவ்வளவு உறுதி என்று சொல்லுங்கள்

1951இல் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் மதிப்பீட்டுக் குழு ஓர் அறிக்கை தந்தது. யுகோஸ்லாவியா மீது அந்த ஆண்டு தாக்குதல் நடக்க ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ இருக்கிறது என்றது அறிக்கை. அப்படியென்றால் எவ்வளவு என்று வெளியுறவுத்துறை அதிகாரி ஒருவர் கேட்டார். குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட், நூற்றுக்கு 65 என்றார். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாகவே எண்ணியிருந்தார். கென்ட் தன் சகாக்களிடமும் விசாரித்தார். ஒரே வாசகத்துக்கு ஒப்புதல் தந்தவர்களின் மனதில் 20 முதல் 80 வரை வெவ்வேறு எண்கள் இருந்தன. இந்த அனுபவத்தை 1964இல் கட்டுரையாக எழுதிய அவர், ‘பிராபபிள்’ என்றால் ஏறக்குறைய 75 சதவீதம் என்பதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எல்லை வகுக்கப் பார்த்தார்.

தேர்ந்த நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், அவசர அவசரமாக மெயில் தட்டும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ‘ஐ திங்க் சோ’ என்பதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘டெஸ்டிங்கில் இரண்டு பிழைகள் பாக்கி. வியாழன் மாலைக்குள் அவை சரியானால் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம். வியாழன் 5 மணிக்கு உறுதி செய்கிறேன்.’ ஆதாரம், நிபந்தனை, அடுத்த தகவல் வரும் நேரம் என மூன்றும் இதில் வந்துவிட்டன.

மேலதிகாரி சொன்னால்

- ‘ஐ திங்க் வி ஷுட் சேஞ்ச் திஸ்’: மேலே இருப்பவர் சொன்னால் பெரும்பாலும் இது உத்தரவு, மரியாதைக்காக யோசனை போல வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.
- ‘வாட் டு யூ திங்க்?’: உங்கள் கருத்துக்கான அழைப்பு. ‘நீங்க சொன்னா சரிதான் சார்’ என்றால் வாய்ப்பு போச்சு. ஒரு கருத்து, அதற்கு ஒரு காரணம் போதும்.
- ‘திங்க் அபவுட் இட்’: உடனே ‘ஓகே’ சொல்லிக் கிளம்பாதீர்கள். வேண்டியது முடிவா, இரண்டு மூன்று வழிகளா, செலவுக் கணக்கா, எப்போதைக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- ‘லெட் மி திங்க் அபவுட் இட்’: வாடிக்கையாளர் சொன்னால் பல நேரம் மென்மையான ‘வேண்டாம்’. ‘அடுத்த வாரம் எப்போது பேசலாம்?’ என்று கேளுங்கள். தேதி கிடைத்தால் நம்பிக்கை வைக்கலாம்.

மறுப்பதற்கும் முறை உண்டு

‘ஐ திங்க் இட் வில் நாட் வொர்க்’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதுக்கு அது முகத்தில் அடித்தாற்போல இருக்கும். ‘ஐ டோன்ட் திங்க் இட் வில் வொர்க்’ என்பதே இயல்பு. மறுப்பு முன்னால் வந்துவிட்டால் கடுமை குறைகிறது.

வால் மாறினால் பொருள் மாறும்

‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் லீவிங்’ என்றால் வேலையை விடும் எண்ணம் இருக்கிறது என்று பொருள். சும்மா புலம்புவதற்கு இதைப் பயன்படுத்தினால் மனிதவளப் பிரிவு வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். ‘திங்க் ஓவர்’ முடிவெடுக்கும் முன் நிதானமாக யோசிப்பது. ‘திங்க் த்ரூ’ பின்விளைவு வரை அலசுவது. ‘திங்க் அப்’ புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது. கருத்துச் சொல்லும்போது ‘ஐ ஆம் திங்கிங் தட் திஸ் இஸ் ராங்’ என்று இழுக்க வேண்டாம். ‘ஐ திங்க் திஸ் இஸ் ராங்’ போதும்.

நேர்காணலில்

‘திங்க் அலவுட்’ என்று தேர்வாளர் சொன்னால், விடையை விட அதை எட்டும் வழியே அவருக்கு முக்கியம். மென்பொருள் நேர்காணல்களில் இது சகஜம். எதை அனுமானித்தீர்கள், எந்த வழியை ஏன் கைவிட்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுச் சரியான விடை சொன்னாலும் அவர் தேடியது கிடைத்திருக்காது.

மங்கலான பேச்சால் வேலை கெட்டால், பழி பெரும்பாலும் கீழே இருப்பவர் தலையில்தான் விடியும். அதனால் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். நாளை மெயில் அனுப்பும் முன் ‘ஐ திங்க்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சொந்தக் கருத்தென்றால் இருக்கட்டும். யூகமென்றால் எதை வைத்து யூகிக்கிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். தெரிந்த விஷயமென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு நேராகச் சொல்லுங்கள்.